ஏழடி தள்ளி ஒரு மரமல்லி

எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் ஓடிய விரிசலைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "மரத்து வேரு வீட்டைத் தூக்குது." பால்காரர் சொன்னார், கொத்தனார் சொன்னார், சாத்தூரிலிருந்து வந்த அத்தை காபி டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னாள். மரம் நிற்பது அக்னி மூலை, அதுதான் காரணம் என்று வாஸ்து பார்ப்பவர் ஒருவர் கூடுதலாக ஒன்றைச் சேர்த்தார். உண்மையில் வீட்டை எதுவும் தூக்கவில்லை. அந்த மூலை இறங்கிக்கொண்டிருந்தது. தூக்குவதற்கும் இறங்குவதற்கும் வித்தியாசம் தெரியாமல் அப்பா செலவழித்தார். தெரிந்த பிறகும் நான் சில வருடங்களைச் சும்மா கடத்தினேன். எதற்காகக் கடத்தினேன் என்பது கொஞ்சம் கூச்சமான விஷயம்.

வீடு கட்டியது 1991இல். கோவில்பட்டியில் நாலு சென்ட் மனை, நாலடி ஆழத்தில் கருங்கல் அஸ்திவாரம், மேலே செங்கல். இந்தப் பக்கம் முழுக்கக் கரிசல். பருத்திக்கும் கம்புக்கும் உளுந்துக்கும் இதைவிட நல்ல மண் கிடையாது. வீட்டுக்குத்தான் ஒத்துவராது. மழை பெய்தால் உப்பும், வெயில் அடித்தால் சுருங்கும். மாண்ட்மோரில்லனைட் என்கிற களிக்கனிமம் தன் அடுக்குகளுக்கு நடுவே தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்வதும் விடுவதும்தான் காரணம். சித்திரை மாதம் காட்டுப்பக்கம் நடந்தால் கை நுழைகிற வெடிப்புகள் ஓடிக் கிடக்கும். சின்ன வயதில் அதற்குள் குச்சியை விட்டு எவ்வளவு ஆழம் என்று பார்ப்போம். அதே மண்தான் வீட்டுக்கு அடியிலும் இருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. சிமென்ட் போட்டு மூடியதும் மண் மறந்துபோகிறது.

மரத்தை வைத்தது அம்மா, 2001இல். ரயில்வே குடியிருப்பில் நின்ற பெரிய மரமல்லியைச் சுற்றிப் பக்கக்கன்றுகள் முளைத்துக் கிடந்தன. அதில் ஒன்றைப் பெயர்த்து ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தாள். அடுப்படிச் சுவரிலிருந்து ஏழடி தள்ளி வைத்தாள். அன்றைக்கு ஏழடி தாராளமாகத்தான் தெரிந்தது. கன்று அவள் முழங்கால் உயரம். ஐந்தாறு வருடத்தில் மொட்டைமாடியைத் தாண்டிவிட்டது. மரமல்லி நன்றாக வளர்ந்தால் அறுபது, எழுபது அடி போகும். அகலமாகப் பரவாமல் நெட்டையாக ஓடுவதால் எவ்வளவு உயரம் வந்துவிட்டது என்பது பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. தெருக்கோடியிலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

ஐப்பசி, கார்த்திகையில் ராத்திரியெல்லாம் பூ உதிரும். நீளமான காம்போடு வெள்ளைப் பூ. நாரே இல்லாமல் காம்போடு காம்பைப் பின்னிச் சரம் ஆக்கலாம். தெருப் பெண்பிள்ளைகள் விடிந்ததும் எங்கள் வாசலில் இருப்பார்கள். அம்மா ஒரு கிண்ணத்தில் தண்ணீர் விட்டு அதில் பூவை மிதக்கவிட்டு அடுப்படி ஜன்னலில் வைப்பாள். சாம்பார் கொதிக்கும்போதுகூட அந்த வாசனை மேலே நிற்கும்.

ஆடிக்காற்றுதான் முதலில் பிரச்சினையைக் கிளப்பியது. பக்கத்தில் கயத்தாறில் காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள் என்றால் இந்த ஊர்க் காற்று எப்படி என்று சொல்லவேண்டியதில்லை. மரமல்லியின் மரம் மெத்தென்றது, எளிதில் முறியும். வேகமாக வளர்கிற பல மரங்களின் குணம் இது. வளர்த்தியில் காட்டும் அவசரம் கட்டையின் உறுதியில் குறைந்துபோகிறது. ஒரு ஆடியில் பெரிய வாது ஒன்று முறிந்து பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் விழுந்தது. அந்த வீட்டு அண்ணாச்சி சண்டைக்கு வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு காற்று அடிக்கும்போதெல்லாம் வெளியே வந்து நின்று மேலே பார்ப்பார். அது சண்டையைவிட மோசமாக இருந்தது.

விரிசல் 2011 வாக்கில் தொடங்கியது. ஜன்னலின் மேல்மூலையில் ஆரம்பித்துச் சாய்வாக மேலே ஏறி, போகப்போக அகலமானது. 2012இல் அப்பா கொத்தனாரைக் கூட்டி வந்து மரத்துக்கும் சுவருக்கும் நடுவே மூன்றடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, வந்த வேரையெல்லாம் நறுக்கி, மேலே சிமென்ட் தளம் போட்டார். வேர் தூக்குகிறது என்றால் வேரை வெட்டுவது நியாயமான வைத்தியம்தானே. விரிசலைப் பூசி வெள்ளையும் அடித்தாயிற்று. அடுத்த சித்திரையில் அதே இடத்தில், அதே சாய்வில் திரும்ப வந்தது.

அப்பா 2017இல் தவறிப்போனார். வீட்டோடு மரமும் என் பொறுப்புக்கு வந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியர். தேசியப் பசுமைப் படையும் என் பொறுப்பில்தான். ஆண்டுதோறும் மரக்கன்று கொடுப்பேன், உறுதிமொழி வாசிப்பேன், புகைப்படத்துக்கு நிற்பேன். விரிசலைத் தொடர்ந்து கவனித்தவனும் நான் ஒருவன்தான். சித்திரையில் ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகலாம். கார்த்திகையில் மழை முடிந்ததும் விரல் நகம்கூட நுழையாது. தூக்குகிற வேர் மழைக்காலத்தில் எப்படிக் கீழே இறக்கும்? வகுப்பில் ஒரு மாணவன் இந்தக் கணக்கை என்னிடம் கொண்டுவந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் விடை சொல்லியிருப்பேன். மரம் வேரால் முட்டவில்லை. அடிமண்ணிலிருந்து தண்ணீரைக் குடிக்கிறது. மண் சுருங்குகிறது. சுருங்கிய மண்மேல் நிற்கும் மூலை இறங்குகிறது. 2019இலேயே இது எனக்குத் தெரியும்.

தெரிந்தும் ஏன் சும்மா இருந்தேன்? மரத்தை வெட்டவேண்டும் என்று அம்மாவிடம் சொல்லும் வாய் என்னுடையதாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன். இன்னொன்றும் உண்டு. பசுமைப் படை ஆசிரியர் வீட்டில் மரம் வெட்டுகிறார்கள் என்று பிள்ளைகள் பேசுவார்கள். ஆகவே மதுரையிலிருந்து ஒரு கட்டடப் பொறியாளரை வரவழைத்தேன். ஏதாவது தெரிந்துகொள்வதற்காக அல்ல. தீர்ப்பு சொல்ல ஓர் ஆள் வேண்டும்; பழி அவர்மேல் போகட்டும். அவருக்குக் கொடுத்த கட்டணம் உண்மையில் அதற்குத்தான். அவர் அதற்கு மேலேயே கொடுத்துவிட்டுப் போனார் என்பது என் அதிர்ஷ்டம்.

அவர் முதலில் மரத்தைப் பார்க்கவே இல்லை. விரிசலின் மேல்முனையையும் கீழ்முனையையும் பார்த்தார். "சார், மூலையைத் தூக்கியிருந்தா விரிசல் கீழே அகலமா இருக்கும். இது மேலே அகலம். இறங்குது" என்றார். பிறகு சின்னக் கண்ணாடித் துண்டுகளை விரிசலுக்குக் குறுக்கே சிமென்ட் வைத்து ஒட்டி, தேதி எழுதச் சொன்னார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். தை மாதம் ஒட்டியது, பங்குனி முடிவதற்குள் இரண்டு துண்டு உடைந்துவிட்டது.

வேரின் மேல் சுமத்திய பழியில் பாதியை அவர் இறக்கிவைத்தார். வேர் தடிக்கும்போது காம்பவுண்டுச் சுவரைச் சாய்க்கும், சிமென்ட் தளத்தைப் பெயர்க்கும், அது நிஜம். அவை எடை குறைந்தவை. ஒரு வீட்டுச் சுவரின் பாரத்தை நெம்பித் தூக்குவது வேருக்கு லேசில் முடியாது. அப்பா போட்ட சிமென்ட் தளம் மழைத்தண்ணீரைச் சுவரோரம் இறங்கவிடாமல் தடுத்துவிட்டது. ஏற்கெனவே தாகத்தில் கிடந்த மண் இன்னும் காய்ந்தது. ஒரு பக்க வேரை மொத்தமாக நறுக்கியதில் மரத்தின் பிடிப்பும் போய்விட்டது. "வீட்டுப் பக்கம் பிடிமானம் இல்லை. பெருங்காத்து வந்தா எதிர்ப்பக்கம் போகும்" என்று அவர் கை காட்டிய திசையில் பக்கத்து வீட்டு ஷீட் இருந்தது. அப்பா உயிரோடு இருந்திருந்தால் இந்த இடத்தில் எழுந்து மாடிக்குப் போயிருப்பார்.

கழிவுநீர்ச் சேம்பரையும் திறக்கச் சொன்னார். உள்ளே ஸ்டோன்வேர் குழாய் முழுக்கத் தேங்காய்நாரை அடைத்து வைத்தது மாதிரி வேர். மரம்தான் குழாயை உடைத்தது என்று நான் ஆரம்பித்தேன். "இல்லை சார், முதல்ல இணைப்புல சிமென்ட் விட்டிருக்கு. கசிஞ்சிருக்கு. வேர் அப்புறம்தான் வந்திருக்கு" என்றார். கசியாத குழாய்க்குள் வேர் நுழைவது அபூர்வமாம். கசிகிற ஈரம் இருக்கும் பக்கம் வேர் செழிக்கும், இடுக்கு கிடைத்தால் உள்ளே போகும். மரத்தை வெட்டிவிட்டு ஓட்டைக் குழாயை அப்படியே விட்டிருந்தால் அஸ்திவாரத்துக்கு அடியில் ஒரு பக்கம் மட்டும் ஊறிக்கொண்டே இருந்திருக்கும்.

எனக்கு உண்மையிலேயே தோன்றாமல் இருந்த ஒன்றை அவர் கடைசியில் கேட்டார்: வீடு மூத்ததா, மரம் மூத்ததா? நான் இதை ஏதோ மரியாதைக் கேள்வி என்று நினைத்தேன். வீடு 1991, மரம் 2001 என்றதும் அவர் முகம் தெளிந்தது. மரம் மூத்ததாக இருந்து, அது குடித்துச் சுருங்கிய மண்மேல் பிறகு வீடு கட்டியிருந்தால், மரத்தை எடுத்ததும் மண் திரும்பத் தண்ணீர் குடித்து வருடக்கணக்கில் உப்பிக்கொண்டே வரும். வீட்டை நிஜமாகவே அது தூக்கும். வீடு மூத்ததாக இருந்தால் மண் பெரும்பாலும் பழைய மட்டத்துக்குத் திரும்பி வந்து நிற்கும். ஆகவே பழைய மரம் நிற்கும் மனையை வாங்கி, மரத்தை வெட்டி, அடுத்த மாதமே வானம் தோண்டுகிறவர்கள்தான் அதிகம் பயப்படவேண்டியவர்கள். கரிசலில் புது வீடு கட்டுகிறவர்களுக்கு மூன்றரை மீட்டராவது இறங்குகிற, அடியில் குமிழ் வைத்த கான்கிரீட் பைல்களைச் சொல்வதும் இதனால்தான். அந்த ஆழத்துக்குக் கீழே மழையும் வெயிலும் மண்ணை அவ்வளவாக ஆட்டுவதில்லை.

லண்டன் நகரத்தின் பெரும்பகுதியும் இப்படிச் சுருங்கி விரியும் களிமண் மேல்தான் நிற்கிறது. 1976இன் கடும் வறட்சியில் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் விரிசல் விட்டன, காப்பீட்டு நிறுவனங்கள் திணறின. அதற்குப் பிறகு அங்கே எந்த மரம், எந்த மண், எவ்வளவு தூரம் என்று அட்டவணையே போட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே சொல்லும் பொதுவான கணக்கு, சுருங்கும் களிமண்ணில் மரம் முழுசாக வளரும் உயரத்துக்குச் சமமான தூரம் தள்ளி நடுவது. மரமல்லிக்கு அறுபதடி. எங்கள் தெருவில் அறுபதடி தள்ளி வைக்கவேண்டும் என்றால் எதிர்வீட்டுக்காரர் அடுப்படியில்தான் வைக்கவேண்டும்.

நான் கொடுத்த மரக்கன்றுகளை நினைத்துப் பார்த்தேன். எத்தனை கன்று நட்டோம் என்பதற்குப் பதிவேடு இருக்கிறது. எங்கே நட்டோம், எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி என்று ஒரு பத்தி அதில் கிடையாது. சீக்கிரம் வளரும் என்பதுதான் கன்று கொடுப்பவர்களும் வாங்குபவர்களும் பார்க்கிற ஒரே தகுதி. கோனோகார்பஸ் இப்படித்தான் சாலை நடுவிலும் பள்ளிக்கூட ஓரத்திலும் பரவியது. குஜராத் 2023இல் அதை நடக்கூடாது என்று தடை போட்டது, தமிழ்நாடும் 2025இல் தடை செய்தது. தடை செய்த மரத்தைவிட, தடை செய்யப்படாத, எல்லோருக்கும் பிடித்த மரங்கள்தான் எனக்கு இப்போது கவலை.

மரத்தை எடுத்துவிடவேண்டும் என்று அம்மாவிடம் பொறியாளரே சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். அவர் போன பிறகு என்னிடம் திரும்பி, "ஏய்யா, இதச் சொல்ல மதுரையிலருந்து ஆளு வரணுமா?" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை.

மரத்தில் துளை போட்டுப் பெருங்காயம் வைத்தால் தானாகப் பட்டுப்போகும் என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். எங்கள் பக்கம் பழைய நம்பிக்கை. எனக்கு அது பிடித்துப்போனது என்பதை மறைக்க விரும்பவில்லை. மரம் தானே செத்தால் வெட்டியவன் என்ற பேர் வராது. கட்டிப் பெருங்காயம் வாங்கியும் வைத்தேன். மரம் ஏறுகிறவரிடம் இதைச் சொன்னதும் அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணாச்சி, பட்ட மரத்துல நான் ஏற மாட்டேன். பச்சை மரம் முறியுறதுக்கு முன்னால நெளியும், சத்தம் குடுக்கும். காஞ்சது சொல்லாம கொள்ளாம போயிரும்." வீட்டுக்கு ஏழடியில் நிற்கும் மரத்தைக் கொன்று காயவைப்பது அதைவிடப் பெரிய ஆபத்தை வரவழைத்துக்கொள்வது என்று அப்போதுதான் உறைத்தது. பெருங்காயம் அந்த வருடம் முழுக்க ரசத்துக்கு ஆயிற்று.

வெட்டியது 2022 வைகாசியில், ஆடிக்காற்றுக்கும் ஐப்பசி மழைக்கும் முன்னால். தெருவோரத்து மரமாக இருந்தால் மாவட்டப் பசுமைக் குழு அனுமதி என்று போயிருக்கவேண்டும். இது காம்பவுண்டுக்குள் நின்றது. ஈ.பி. லைன்மேன் வந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரைக் கழற்றிவிட்ட பிறகுதான் ஆட்கள் கயிற்றைத் தொட்டார்கள். ஏறியவர் முதலில் கூடு இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு காக்கைக் கூடு இருந்தது, காலி.

அடியில் வெட்டிச் சாய்ப்பதற்கு அங்கே இடமே இல்லை. அதனால் உச்சியிலிருந்து துண்டு துண்டாக இறக்கினார்கள். மேல் கவையில் வடக்கயிற்றைக் கோத்து, வெட்டப்போகும் வாதில் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கீழே ஒருவர் பிடித்துக்கொண்டார். வாதின் அடிப்பக்கத்தில் முதலில் கொஞ்சம் அறுத்து, பிறகுதான் மேலிருந்து அறுத்தார். அடிவெட்டு இல்லாமல் அறுத்தால் வாது பாதியில் தொங்கி, பட்டையோடு கிழித்துக்கொண்டு ஏறி நிற்பவர்மேல் திரும்பும். கயிறு பிடித்தவர் கொஞ்சம் கொஞ்சமாக விட, ஒவ்வொரு துண்டும் ஆடாமல் தரைக்கு வந்தது. மெஷின் ரம்பத்தை மேலே அவர் கொண்டுபோகவில்லை. கை ரம்பமும் அரிவாளும்தான். அடிமரத்துக்கு வந்த பிறகுதான் மெஷின். மூன்று பேர் செய்த வேலையில் கத்தலே இல்லை. மேலிருந்து "விடு", கீழிருந்து "வந்திருச்சு", அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அண்ணாச்சி நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுசையும் பார்த்தார்.

அம்மா உள்ளே டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தாள். பதினோரு மணிக்கு மூன்று பேருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை.

கட்டையை யாரும் வாங்கவில்லை. தீப்பெட்டி ஊராயிற்றே, குச்சிக்காவது ஆகாதா என்று கேட்டுப் பார்த்தேன். குச்சிக்கு மட்டி மாதிரி மரங்கள் தனியாக வருகின்றன, இது வேண்டாம் என்றுவிட்டார்கள். தக்கை போன்ற பட்டையோடு மாதக்கணக்கில் காம்பவுண்டோரம் கிடந்து, செங்கல் சூளைக்காரர் ஒருவர் சும்மா எடுத்துப்போனார். அடிக்கட்டையைத் தோண்டவில்லை. அஸ்திவாரத்துக்கு அவ்வளவு பக்கத்தில் பள்ளம் பறிக்கவேண்டாம், தரைமட்டத்துக்கு அறுத்துவிட்டு மட்க விடுங்கள் என்று பொறியாளர் சொல்லியிருந்தார். குழாயைப் பி.வி.சி.யாக மாற்றி, அப்பா போட்ட தளத்தையும் பெயர்த்தோம். விரிசலை மட்டும் தொடவில்லை. ஒரு மழையும் ஒரு கோடையும் போகட்டும் என்பது அவர் உத்தரவு. வந்தவர்கள் எல்லாம் மரத்தையும் வெட்டிவிட்டு விரிசலையும் அப்படியே வைத்திருக்கிறானே என்று பார்த்தார்கள்.

நான் ஒன்றுக்கு மேலேயே போகவிட்டேன். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த அந்த மழை எங்கள் பக்கமும் வெளுத்து வாங்கியது. வீட்டுக்கு என்ன ஆகுமோ என்று டார்ச் அடித்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரிசல் இறுக மூடிக்கொண்டது. அடுத்த சித்திரையில் புதிதாக ஒட்டிய கண்ணாடி உடையவில்லை. 2024 ஆவணியில் விரிசலை அகலமாக வெட்டி, கோழிவலை அடித்துப் பூசினோம். இப்போது முடி அளவுக்கு ஒரு கோடு தெரிகிறது. கொத்தனார் அது பூச்சுக்கோடு என்கிறார். நம்புகிறேன்.

வீடு பிழைத்தது. அடுப்படி வெந்துபோகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அங்கே நிற்க முடியாது. அணில் சத்தம் போய்விட்டது. பூப்பொறுக்க வந்த பிள்ளைகள் வருவதில்லை. பொறியாளரிடம் கேட்டு, இருபதடி தள்ளிக் காம்பவுண்டு மூலையில் ஒரு பவளமல்லி வைத்திருக்கிறேன். சின்ன மரம், தாகமும் கொஞ்சம். அதுவும் ராத்திரிதான் பூக்கும், விடியற்காலை உதிரும். அம்மா அந்தப் பூவை எடுத்து சாமிக்கு வைக்கிறாள். ஜன்னல் கிண்ணத்தில் போடுவதில்லை.

மரமல்லி முழுசாகப் போய்விடவுமில்லை. மண்ணுக்குள் கிடக்கும் வேரிலிருந்து பக்கக்கன்று கிளப்பிக்கொண்டே இருந்தது. மழை பெய்த பத்தாம் நாள் முற்றத்தில் பச்சை தெரியும், நான் பிடுங்குவேன். இப்போது எங்கள் பக்கம் குறைந்துவிட்டது. போன ஆவணியில் பக்கத்து வீட்டு அண்ணாச்சி போன் பண்ணினார். "அண்ணாச்சி, உங்க மரம் எங்க வீட்ல முளைச்சிருக்கு." இதோ வந்து பிடுங்கிவிடுகிறேன் என்றேன். "இல்ல இல்ல. மருமக ஆசைப்படுது. தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கு."

இஞ்சுடேப்பை எடுத்துக்கொண்டு போனேன். அவர் சுவரிலிருந்து நாலடி, எங்கள் சுவரிலிருந்து பதினொன்று. இரண்டையும் சொன்னேன். ஷீட் உடைந்த கதையை அவருக்கு நான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது. மருமகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஐப்பசி மழையில் மண்ணோடு பெயர்த்து ஊருணிக் கரையில் வைப்பது என்று அண்ணாச்சியும் நானும் பேசி முடித்தோம். ஆட்டோவுக்கு அம்மா ஏற்கெனவே ஆள் சொல்லிவிட்டாள். மருமகள் இன்னும் சரி என்று சொல்லவில்லை.